சுறாவின் உடம்பில் நஞ்சும் நஞ்சுமுறிவும்

சுறா வாங்கி வந்த வீட்டில் அன்றைக்கே அதைச் சுத்தம் செய்துவிட வேண்டும், போட்டு வைத்தால் மூத்திர வாடை அடிக்கும் என்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆயாமார் சொல்வார்கள். மற்ற மீன்கள் கெட்டால் மீன் வாடைதான் வரும். சுறாவோ கண்ணையே எரிக்கும். மஞ்சளும் உப்பும் போட்டு அலசுவது, வேகவைத்துத் தோலை உரிப்பது, பிழிந்து உதிர்த்துப் புட்டாக்குவது என்று நம் சமையலில் சுறாவுக்கு மட்டும் இத்தனை வேலை இருப்பதற்குக் காரணம் உண்டு. 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்தவர்களோடு இந்தக் கைப்பழக்கமும் கடல் கடந்திருக்க வேண்டும்.

ஆயாமார் சொன்னது வேதியியல்படியும் சரி. கண்ணை எரிக்கும் அந்த வாடை அம்மோனியாவுடையது. சுறா செத்தபின் அதன் சதையில் உள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் உடைக்க, அம்மோனியா கிளம்புகிறது. நாம் சிறுநீரில் வெளியேற்றும் அதே யூரியாதான் இது. உயிருள்ள கடல் சுறாவின் ரத்தத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 20 கிராம் யூரியா இருக்கிறது. ஆரோக்கியமான மனித ரத்தத்தில் அரை கிராம்கூட இருக்காது. சுறாவுக்கு இருப்பதில் பத்தில் ஒரு பங்கு நமக்கு ஏறினாலே டாக்டர் டயாலிசிஸ் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார். சுறாவோ அத்தனையையும் வைத்துக்கொண்டு நலமாக நீந்துகிறது. போதாததற்கு, யூரியா வெளியே கசியாதபடி அதன் செவுள்களும் சிறுநீரகமும் தடுத்துத் தேக்கி வைக்கின்றன.

தேக்குவதற்குக் காரணம் கடல்நீர். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. நம் உடல் திரவத்தில் 9 கிராம் அளவுதான். மெல்லிய சவ்வின் இருபுறமும் இப்படிச் செறிவு வேறுபட்டால், நீர் செறிவு மிகுந்த பக்கம் நோக்கி நகரும். மீனில் உப்பைத் தடவிக் கருவாடு போடும்போது நீர் வடிவது இதனால்தான். கடலில் வாழும் உயிர் ஒவ்வொன்றும் இந்த இழுப்பைத் தாங்கியாக வேண்டும். சாளை, வஞ்சிரம் போன்ற எலும்பு மீன்களின் ரத்தச் செறிவு கடலில் மூன்றில் ஒரு பங்கு அளவே. அவை ஓயாமல் நீரை இழக்கின்றன. ஈடுகட்டக் கடல்நீரைக் குடித்து, கூட வந்த உப்பைச் செவுள் வழியே வெளியே தள்ளுகின்றன. சுறாவின் வழி வேறு. யூரியாவைச் சேர்த்துத் தன் ரத்தச் செறிவைக் கடலுக்குச் சமமாக, ஒரு மயிரிழை கூடுதலாகவே வைத்துக்கொள்கிறது. வெளியே போக வேண்டிய நீர் இப்போது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வருகிறது. உள்ளே புகும் உப்பை மலக்குடலை ஒட்டிய ஒரு சிறு சுரப்பி வெளியேற்றுகிறது. அந்தச் சுரப்பியின் வேலை இதுதான் என்பதே 1960-இல்தான் தெரியவந்தது.

நீர்ப் பிரச்சினை இப்படித் தீர்ந்தாலும் யூரியாவால் இன்னொன்று முளைக்கிறது. உயிரணுவின் வேலைகளில் பெரும்பகுதியைப் புரதங்கள் பார்க்கின்றன. புரதம் என்பது ஒரு நீண்ட சங்கிலி. அது குறிப்பிட்ட வடிவத்தில் மடிந்து சுருண்டால்தான் வேலை செய்யும். யூரியா இந்தச் சங்கிலியோடு ஒட்டிக்கொள்ள நாட்டமுள்ளது. சங்கிலி விரிய விரிய ஒட்டுவதற்கு இடம் கூடும். ஆகவே யூரியா மிகுந்த நீரில் புரதம் விரியும் பக்கமே சாய்கிறது. ஆய்வுக்கூடத்தில் புரதத்தின் வடிவத்தை வேண்டுமென்றே குலைக்க அடர்ந்த யூரியாக் கரைசலைத்தான் பயன்படுத்துகிறார்கள். சுறாவின் ரத்தம் அந்த அளவுக்கு அடர்த்தியில்லை. ஆனால் நொதிகளின் வேலையைத் தடுமாற வைக்க அதுவே போதும்.

இதற்குச் சுறா வைத்திருக்கும் முறிவு, டிரைமெத்திலமைன் ஆக்சைடு என்ற சிறு மூலக்கூறு. டி.எம்.ஏ.ஓ. என்று சுருக்கிச் சொல்வார்கள். அதன் குணம் யூரியாவுக்கு நேர் எதிர். நீரோடு இறுகப் பிணைந்துகொண்டு, புரதச் சங்கிலியை அண்டாமல் விலகி நிற்கும். சங்கிலி விரிந்தால் விலகி நிற்க வேண்டிய பரப்பு கூடிவிடும். அதற்கு ஆற்றல் செலவாகும். ஆகவே புரதம் மடிந்து சுருண்டிருப்பதே இந்த நீரில் சிக்கனம். 1979-இல் பால் யான்சி, ஜார்ஜ் சொமெரோ என்ற இருவர் இதைச் சோதனையில் காட்டினார்கள். யூரியா இரண்டு பங்கு, டி.எம்.ஏ.ஓ. போன்ற சேர்மங்கள் ஒரு பங்கு என்று கலக்கும்போது ஒன்றின் விளைவை மற்றொன்று ஏறக்குறைய முழுதாக ஈடுசெய்துவிடுகிறது. சுறாவின் தசையில் இருக்கும் விகிதமும் அதுவே.

இந்தத் தீர்வின் சிக்கனம்தான் என்னை மிகவும் ஈர்க்கிறது. ஓர் உயிரணுவில் ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள் இருக்கின்றன. யூரியாவைத் தாங்குமாறு அத்தனையையும் ஒவ்வொன்றாக மாற்ற எத்தனை கோடி ஆண்டுகள் ஆகும்? புரதங்களில் பெரும்பாலானவற்றை அப்படியே விட்டுவிட்டு, அவற்றைச் சூழ்ந்திருக்கும் நீரின் குணத்தை மாற்றினால் போதும் என்றாகிவிட்டது.

தென்னாப்பிரிக்காவின் புகழ்பெற்ற மீனிடமும் இதே வித்தை இருக்கிறது. 1938 டிசம்பரில் ஈஸ்ட் லண்டன் அருகே வலையில் சிக்கிய சீலகாந்த் மீனை அருங்காட்சியகத்தின் மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர் கண்டெடுத்தபோது, பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்ததாகக் கருதப்பட்ட இனம் உயிரோடிருப்பது தெரிந்தது. பின்னர் அந்த இனத்தின் ரத்தத்தைச் சோதித்தபோது சுறாவைப் போலவே யூரியாவும் டி.எம்.ஏ.ஓ.வும் நிறைந்திருந்தன. சுறாவுக்கும் சீலகாந்துக்கும் நெருங்கிய உறவு கிடையாது. 2000-இல் சோட்வானா விரிகுடாவிலும் முக்குளிப்போர் சீலகாந்தைக் கண்டார்கள். டர்பனிலிருந்து வடக்கே அதே கடற்கரையில்தான் அந்த இடம்.

இந்தக் கலவை நிலையானதும் அல்ல. நம் கரையில் ஜம்பேசி என்று அழைக்கப்படும் காளைச் சுறா செயின்ட் லூசியா போன்ற கழிமுகங்களுக்குள் ஏறும், ஆற்றிலும் நீந்தும். நன்னீரில் யூரியாவை அப்படியே வைத்திருந்தால் நீர் உள்ளே பாய்ந்துவிடும். அதனால் அது தன் யூரியாவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறது. கடலுக்குத் திரும்பினால் மறுபடி ஏற்றிக்கொள்ளும்.

நீரே இல்லாமல் போனால் என்ன செய்வது? டிராக்கன்ஸ்பர்க் மலையின் பாறைக்குழிகளில் மழை பெய்தால் கண்ணாடி போன்ற சிற்றிறால்கள் தோன்றும். குழி காய்ந்தால் இறால் செத்துவிடும். அதன் முட்டைக்குள் கரு மட்டும் வறண்டு அடுத்த மழைவரை கிடக்கும். இவற்றின் உறவான ஆர்ட்டீமியாவின் உறைமுட்டையை ஆராய்ந்தவர்கள் அதன் உலர் எடையில் சுமார் 15 சதவீதம் டிரெஹலோஸ் என்ற சர்க்கரை இருப்பதைக் கண்டார்கள். நீர் ஆவியாகப் போக, இந்தச் சர்க்கரை அதன் இடத்தில் அமர்ந்து, உறைந்து கண்ணாடியாகி, புரதங்களையும் சவ்வுகளையும் குலையாமல் பிடித்து வைக்கிறது.

வெப்பத்தைச் சமாளிக்கச் சர்க்கரையும் சேர்மமும் போதாது. வற்றுநேரத்தில் டர்பன் பாறைகளில் ஒட்டிக் கிடக்கும் பழுப்பு மஸல் என்ற சிப்பி வெயிலில் வேகிறது. முட்டையை வேகவைத்தால் வெள்ளைக்கரு கட்டிப்படுவதைப் போல, சூட்டில் புரதம் விரிந்து ஒன்றோடொன்று சிக்கும். அதைத் தடுக்க உயிரணு வெப்ப அதிர்ச்சிப் புரதங்களைத் தயாரிக்கிறது. அவை விரிந்த சங்கிலிகளைப் பிடித்துக்கொண்டு மறுபடி மடிய உதவுகின்றன. 1962-இல் ஃபெருச்சியோ ரிடோசா பழ ஈயின் உயிரணுக்களில், சூடு கூடியதும் குரோமோசோமின் சில இடங்கள் உப்புவதைக் கண்டு இதன் முதல் தடயத்தைப் பதிவுசெய்தார். இந்த முறைக்கு ஆற்றல் நிறைய வேண்டும். நாள்தோறும் வெயிலில் கிடக்கும் மஸலுக்கு வளர்ச்சிக்குப் போக வேண்டிய உணவில் ஒரு பகுதி இதற்கே போய்விடுகிறது.

சுறாவின் தந்திரம் நம் உடம்பிலும் உண்டு. சிறுநீரைச் செறிவாக்கும்போது சிறுநீரகத்தின் உட்பகுதியில் உப்பும் யூரியாவும் குவிந்து, ரத்தத்தைப் போல நான்கு மடங்கு செறிவு வரை ஏறும். அங்குள்ள உயிரணுக்கள் தப்பிப்பது பீட்டெய்ன், இனோசிட்டால், சார்பிட்டால், கிளிசரோபாஸ்போகோலின் என்ற சிறு மூலக்கூறுகளைச் சேர்த்து வைத்துத்தான். யூரியாவுக்கு முறிவாக நிற்பதில் கடைசியாகச் சொன்னதற்கு முக்கியப் பங்கு. தாகத்தோடு இருக்கும் நாட்களில் இவை மெல்ல மெல்லச் சேரும். வயிறு நிறையத் தண்ணீர் குடித்துச் சிறுநீர் நீர்த்துப்போனால், உயிரணு வீங்கிவிடாதபடி விரைவாக வெளியேறிவிடும்.