ப்ரொஃபைலிங்: ஓட்டப் பகுப்பு

ஒரு நிரல் ஓடும்போது அதன் எந்தப் பகுதி எவ்வளவு நேரத்தை எடுத்துக்கொள்கிறது என்று அளந்து பார்ப்பதுதான் ப்ரொஃபைலிங். மொத்தம் 6 நொடி ஆனது என்று சொல்ல ஒரு கடிகாரம் போதும். அந்த 6 நொடியும் எங்கெங்கே போனது என்று பிரித்துச் சொல்வதுதான் இந்தச் சொல்லின் வேலை.

சொல் இத்தாலியத்திலிருந்து வந்தது. 'ப்ரொஃபிலாரே' என்றால் வெளிக்கோடு வரைதல். அதற்குள் இருக்கும் 'ஃபிலும்' லத்தீனில் நூலிழை. முகத்தைப் பக்கவாட்டில் ஒரே கோட்டில் வரைந்தால், மூக்கு எங்கே எடுத்து நிற்கிறது, உதடு எங்கே உள்வாங்குகிறது என்று பளிச்சென்று தெரியும் அல்லவா? நிரலில் நேரம் மேடுகட்டி நிற்கும் இடமும் அப்படித்தான் தெரிய வேண்டும். 1971இல் ஃபோர்ட்ரான் என்ற நிரல் மொழியில் எழுதிய நிரல்களை ஆராய்ந்த கணினி அறிஞர் டொனால்ட் கனூத், ஒவ்வொரு வரியும் எத்தனை முறை ஓடியது என்ற கணக்கை 'ப்ரொஃபைல்' என்றார். பெரும்பாலும் 4 விழுக்காட்டுக்கும் குறைவான பகுதியே பாதிக்கு மேற்பட்ட நேரத்தைத் தின்றுவிடுகிறது என்றும் கண்டார். 1982இல் பெர்க்லியில் உருவான ஜிப்ரொஃப் என்ற ப்ரொஃபைலிங் கருவி, எந்த ஃபங்ஷன் (ஒரு வேலைக்கென்று எழுதிய நிரல் துண்டு) எதை அழைத்தது என்பதையும் சேர்த்துக் காட்டியது.

பைத்தான் மொழியில் அதனுடனே வரும் சிப்ரொஃபைல் என்ற கருவியை ஓட்டினால் இரண்டு நேரங்கள் வரும். 'டாட்டைம்' ஒரு ஃபங்ஷன் தன் கையால் செய்த வேலைக்கான நேரம். 'கம்டைம்' அது கடைக்கு ஆள் அனுப்புவதுபோல் வேறு ஃபங்ஷன்களை அழைத்துவிட்டுக் காத்திருந்த நேரத்தையும் சேர்த்தது. ஒருமுறை பில் பட்டியல் ஒன்று திறக்கவே மாட்டேன் என்றது. வரிசைப்படுத்தும் பகுதிதான் காரணம் என்று நினைத்து அதையே இரண்டு நாள் திருத்திக்கொண்டிருந்தேன். அப்புறம் அளந்து பார்த்தால் அதன் டாட்டைம் கிட்டத்தட்ட சுழியம். ஒவ்வொரு பில்லுக்கும் தரவுத்தளத்தைத் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒரே ஒரு வரிதான் நேரம் முழுவதையும் விழுங்கியிருந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'சுயவிவரம்' இங்கே பொருந்தவே பொருந்தாது. அது பெயர், ஊர், படம் போடும் இடத்துக்கான சொல். 'நேர அளவீடு' தவறில்லை, ஆனால் கடிகாரத்தோடு நின்றுவிடுகிறது. பிரித்துக் காட்டுவது அதில் இல்லை. நிரல் 'ஓடுகிறது' என்றுதான் எல்லோரும் பேசுகிறோம். அதனால் 'ஓட்டப் பகுப்பு' என்பதே என் தேர்வு. ப்ரொஃபைலர் 'பகுப்புக் கருவி'. நினைவகத்தை அளந்தால் 'நினைவகப் பகுப்பு'.

"பக்கம் மெதுவாக வருகிறதா? கை வைக்காதே, முதலில் ஓட்டப் பகுப்பு எடுத்துப் பார்."