‘பிளாசா’வுக்குத் தமிழில் என்ன சொல்வது?

கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகளின் தீசிஸ் ஷீட்களில், அதாவது இறுதித் திட்டத்துக்கு அவர்கள் வரைந்து வைக்கும் தாள்களில், இப்போது அடிக்கடி கண்ணில் படும் சொல் பிளாசா. பேருந்து நிலையத்தை மாற்றி வடிவமைப்பவர் வாசலில் ஒரு ‘அரைவல் பிளாசா’ போடுகிறார், குளக்கரையை எடுத்துக்கொண்டவர் ‘வாட்டர்ஃப்ரன்ட் பிளாசா’ போடுகிறார், காய்கறிச் சந்தைக்கு ‘மார்க்கெட் பிளாசா’, கோயில் மாடவீதிக்கும் ஏதோ ஒரு பிளாசா. வெளியே நெடுஞ்சாலைக்கு வந்தால் டோல் பிளாசா, அண்ணா சாலையில் ஸ்பென்சர் பிளாசா. இதற்குத் தமிழ் என்ன என்று கேட்டால் சதுக்கம், வளாகம், முற்றம், பொதுவெளி, திடல் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். இந்த ஐந்தும் ஒரே பொருள் தருபவை இல்லை. எந்தச் சொல்லை எடுக்கிறோமோ அதற்கேற்ற இடத்தைத்தான் வரைகிறோம் என்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடுவது நல்லது.

முதலில் வேர். கிரேக்கத்தில் ‘பிளாட்டூஸ்’ என்றால் அகன்றது, பரந்தது. அதன் பெண்பால் வடிவம் ‘பிளாட்டேயா’. அகன்ற தெரு என்று முழுதாகச் சொல்வதில் தெருவை விட்டுவிட்டு அகன்றது என்று மட்டும் சொன்னார்கள், அதுவே பெயராகிவிட்டது. லத்தீன் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. அங்கிருந்து ஸ்பானிய பிளாசா, இத்தாலிய பியாட்சா, பிரெஞ்சு பிளாஸ், ஜெர்மன் பிளாட்ஸ், ஆங்கிலத்தில் இடம் என்ற பொருளில் வழங்கும் பிளேஸ் என எல்லாம் கிளைத்தன. நாம் சாப்பிடும் பிளேட்டும் அதே வேரில் பிறந்ததுதான். ஆக, மூலத்தில் பிளாசா என்பது நான்கு பக்கமும் கட்டடம் சூழ்ந்த சதுரம் கிடையாது, அகலமான ஒரு தெரு, அவ்வளவுதான். இது பின்னால் நமக்குத் தேவைப்படும்.

தெரு எப்படி ஊர் நடுவே உள்ள வெளியாக மாறியது என்றால், அதில் ஸ்பெயினுக்குப் பெரிய பங்கு உண்டு. 1573-ல் மன்னர் இரண்டாம் பிலிப், அமெரிக்கக் கண்டத்தில் புதிதாக ஊர் அமைப்பவர்களுக்கென்று விரிவான சட்டங்களை வெளியிட்டார். ஊரை வரையத் தொடங்கும் இடமே பிளாசாதான். கடற்கரை ஊர் என்றால் கப்பல் வந்து இறங்கும் துறையில் பிளாசா, உள்நாட்டு ஊர் என்றால் நடுவில். நீளம் அகலத்தைப் போலக் குறைந்தது ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும், ஏனென்றால் குதிரைகளை வைத்து நடத்தும் விழாக்களுக்கு அதுதான் வசதி. 200 அடி அகலம், 300 அடி நீளத்துக்குக் குறையக் கூடாது. 400-க்கு 600 நல்ல அளவு. வணிகர்கள் நிற்க வசதியாகச் சுற்றிலும் தூண் வரிசையோடு நிழல் நடை வேண்டும். குளிர் நாட்டில் தெரு அகலமாக இருக்கட்டும், வெப்ப நாட்டில் குறுகலாக இருக்கட்டும் என்றுகூட எழுதியிருக்கிறார்கள். எனக்கு இதில் பிடித்தது, பிளாசாவின் அளவு எல்லாமே ஏதோ ஒரு வேலையை வைத்தே சொல்லப்பட்டிருப்பது: குதிரை ஓட வேண்டும், வணிகர் நிற்க வேண்டும், வெயில் படக் கூடாது. அதே நேரம் இது ஓர் ஆக்கிரமிப்பு அரசின் சட்டம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஏற்கெனவே ஊர்களும் கோயில்களும் வைத்திருந்த மக்களின் நிலத்தின் மேல்தான் இந்தக் கோடுகள் விழுந்தன.

மெக்சிகோ நகரத்தின் நடுவே உள்ள பெரிய பிளாசா இதற்கு நேரடிச் சான்று. அஸ்தெக்குகளின் தலைநகரான தெனோச்டிட்லானின் சடங்கு மையத்தை ஒட்டி அது நிற்கிறது. அரசு ஆவணத்தில் அதன் பெயர் அரசியலமைப்புப் பிளாசா. ஆனால் மக்கள் சொல்வது சோக்கலோ. சோக்கலோ என்றால் பீடம். 1843-ல் விடுதலை நினைவுச்சின்னம் ஒன்றை எழுப்புவதற்காக அங்கே ஒரு பீடம் கட்டினார்கள். பீடத்தோடு வேலை நின்றுபோனது. சிலை வராத அந்தப் பீடத்தின் பெயரே வெளி முழுவதற்கும் ஆகி, பிறகு மெக்சிகோவின் மற்ற ஊர்களும் தங்கள் நடு வெளியை சோக்கலோ என்று அழைக்கத் தொடங்கிவிட்டன. ஒரு பொது இடத்துக்குப் பெயர் வைப்பது கடைசியில் அங்கே உட்கார்ந்து எழுந்து போகிற ஜனங்கள்தான்.

அமெரிக்காவுக்குள் போனபோது சொல் மறுபடி உருமாறியது. நியூயார்க்கில் 1958-ல் மீஸ் வான் டெர் ரோ வடிவமைத்த சீக்ராம் கட்டடம் தெருவிலிருந்து உள்வாங்கி நின்று, முன்னால் கருங்கல் தளத்தில் ஒரு வெளியை விட்டது. அது எல்லாருக்கும் பிடித்துப்போய், 1961-ல் நகரம் தன் கட்டட விதியையே மாற்றியது: பிளாசா விட்டால் கூடுதல் தளம் கட்டிக்கொள்ளலாம், அடர்ந்த பகுதிகளில் ஒரு சதுர அடி பிளாசாவுக்குப் பத்து சதுர அடி தளம். விடுவார்களா? வரிசையாக பிளாசா முளைத்தது. பெரும்பாலானவற்றில் ஈ காக்கை இல்லை. ஏன் என்று வில்லியம் வைட் என்பவர் கேமராவும் குறிப்பேடுமாக வருடக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தார். அவருக்குக் கிடைத்த விடை யாருக்கும் புரியக்கூடியது. உட்கார இடம் இருந்தால் மனிதர்கள் உட்காருவார்கள். ஓர் அடியிலிருந்து மூன்று அடி உயரம் வரை எந்தத் திட்டு இருந்தாலும் போதும். நகர்த்திப் போட்டுக்கொள்ளும்படி நாற்காலி, ஒரு மரம், கொஞ்சம் தண்ணீர், பக்கத்தில் சாப்பாட்டுக் கடை இருந்தால் கூட்டம் தானாக வரும். அவருடைய வேலைக்குப் பிறகு 1975-ல் நியூயார்க் தன் விதிகளைத் திருத்தி, இருக்கையும் மரமும் கட்டாயம் என்றது.

அப்புறம் பிளாசா என்பது கடைத்தொகுதிக்குப் பெயரானதும், நெடுஞ்சாலையில் கட்டணம் வாங்குவதற்காகச் சாலை அகலும் இடத்துக்குப் பெயரானதும் அமெரிக்க வழக்குதான். டோல் பிளாசாவுக்கு நாம் அழகாகச் சுங்கச்சாவடி என்று வைத்துக்கொண்டோம். அதில் திருத்த எதுவும் இல்லை.

சரி, நம் மாணவர்களின் ஷீட்டுக்கு வருவோம். ரெண்டரில், அதாவது கட்டி முடித்தால் எப்படித் தெரியும் என்று கணினியில் தீட்டும் படத்தில், பிளாசா எப்படி இருக்கிறது? சாம்பல் கல் தளம், அதில் கோணல் மாணலாக ஒரு பாவுகல் வடிவம், ஒரு மூலையில் பலூன் பிடித்த குழந்தை, நடுவில் ஓவர்கோட்டும் மஃப்ளரும் போட்ட இரண்டு பேர் நடந்து போகிறார்கள். மே மாதம், மதியம் ஒரு மணி, வேலூர் பேருந்து நிலையம் என்று வைத்துப் பாருங்கள். அந்தக் கல்லில் யாராலும் கால் வைக்க முடியாது. நான் பார்த்த ஒரு ஷீட்டில், சைட் (வடிவமைக்க எடுத்த இடம்) இப்போது எப்படி இருக்கிறது என்று காட்டும் படத்தில் ஒரு புங்கமரமும், அதன் கீழ் சிமெண்ட் மேடையும், மேடையை ஒட்டி ஒரு டீக்கடையும், வளையல் விற்கும் தள்ளுவண்டியும் குறித்திருந்தது. அடுத்த படத்தில் அந்த நான்கும் காணோம், அதே இடத்தில் ‘பிளாசா’ என்று எழுதியிருந்தது. அங்கே ஏற்கெனவே நன்றாக நடந்துகொண்டிருந்த ஒரு பொது இடத்தை அழித்துவிட்டு, பொது இடம் உருவாக்குவதாக அந்தப் பிள்ளை உண்மையான ஆர்வத்தோடு விளக்கியது. பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன். ஐந்து ஆண்டும் கையில் கொடுத்த சொற்கள் அப்படி. அந்த மேடைக்கு அதன் மொழியில் ஒரு பெயர் இருந்திருந்தால் அழிக்கும் முன் கை நின்றிருக்கும் என்றே நினைக்கிறேன்.

பெயர் இல்லாமல் இல்லை. திருமுருகாற்றுப்படை முருகன் உறையும் இடங்களை அடுக்கும்போது ‘சதுக்கமும் சந்தியும் புதுப்பூங் கடம்பும் மன்றமும் பொதியிலும் கந்துடை நிலையினும்’ என்கிறது. ஓர் ஊரின் பொது இடங்களுக்கு இரண்டே வரிகளில் இத்தனை சொல். சதுக்கம் நான்கு தெரு கூடும் இடம்; நான்கைக் குறிக்கும் வடசொல் வழியாக வந்தது. சந்தி மற்றத் தெருக்கூடல்கள். மன்றம் என்பதற்கு உரையில் ஊர் நடுவே எல்லாரும் இருக்கும் மரத்தடி என்று பொருள் சொல்லியிருக்கிறது. பொதியில் என்பது பொது இல், அம்பலம். பட்டினப்பாலையில் வெளியூரிலிருந்து புதிதாக வந்தவர்கள் தங்குவது இந்தப் பொதியிலில்தான்.

மன்றத்தில் மரம் கட்டாயம் என்பதைப் புறநானூற்றின் 128-ஆம் பாட்டு கண்முன் நிறுத்துகிறது. ஆய் என்னும் வள்ளலின் ஊர் மன்றத்தில் ஒரு பலாமரம். பாட வந்த இரவலர்கள் தங்கள் முழவு என்னும் மேளத்தை அதன் கிளையில் மாட்டிவைத்திருக்கிறார்கள். ஒரு மந்தி அதைப் பலாப்பழம் என்று நினைத்துத் தட்டுகிறது, அந்தச் சத்தத்துக்குக் கீழே இருந்த அன்னம் குரல் கொடுக்கிறது. வெளியூர்க்காரர் சாமான் வைக்கலாம், இளைப்பாறலாம், குரங்கும் பறவையும் அவற்றின் பாட்டுக்கு இருக்கும். பொது இடம் என்பதற்கு இதைவிடத் தெளிவான ‘செக்‌ஷன் டிராயிங்’ (குறுக்குவெட்டு வரைபடம்) எனக்குத் தெரியவில்லை. சிலப்பதிகாரம் புகாரில் ஐவகை மன்றங்களைச் சொல்கிறது: காவலே இல்லாமல் சரக்குப் பொதிகள் கிடக்கும் வெள்ளிடை மன்றம், மூழ்கினால் உடற்குறை நீங்கும் பொய்கை உள்ள இலஞ்சி மன்றம், நெடுங்கல் மன்றம், பொய்யரைத் தண்டிக்கும் பூதம் நிற்கும் பூத சதுக்கம், அரசன் நீதி தவறினால் பேசாமல் கண்ணீர் விடும் பாவை மன்றம். கவனியுங்கள், சதுக்கத்தையும் மன்றத்தில் ஒரு வகையாகத்தான் எண்ணியிருக்கிறார்கள்.

அப்படியானால் பிளாசா என்றால் மன்றம் என்று சொல்லிவிடலாமா? எனக்கும் ஆசைதான். ஆனால் சட்டமன்றம், நீதிமன்றம், நகர்மன்றம், ரசிகர் மன்றம் என்று அந்தச் சொல் கூடிய இடத்தை விட்டுக் கூடிய ஆட்களின் அமைப்புக்குப் போய்விட்டது. ‘பேருந்து நிலைய மன்றம்’ என்று ஷீட்டில் எழுதினால் மதிப்பெண் போட ஜூரியில் இருப்பவர் ஓட்டுநர் சங்கம் என்று நினைப்பார். மரத்தடி மேடையைக் குறிக்க ‘மர மன்று’ என்று எழுதிப் பார்க்கலாம், அங்கே அது பொருந்தும்.

சதுக்கம் செய்தித்தாள்கள் வழியாக நன்றாக ஊன்றிவிட்டது: செஞ்சதுக்கம், தியனன்மென் சதுக்கம். ஆங்கிலத்து ‘ஸ்கொயர்’ வருமிடத்தில் அதை வைத்துக்கொள்ளலாம், தெருக்கள் வந்து கூடும் இடமாக இருந்தால் இன்னும் சரி. தெருவே கூடாத ஒரு மால் முற்றத்துக்கு அது ஒட்டாது.

வளாகம் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது வளைக்கப்பட்ட இடம். கடல் சூழ்ந்த நிலத்தைப் புறநானூறு ‘தெண்கடல் வளாகம்’ என்கிறது. அடுத்த சொற்கள் ‘பொதுமை இன்றி’, அதாவது வேறு யாருக்கும் பங்கில்லாமல் ஒருவனே ஆளும் நிலம். கல்லூரி வளாகம், ஆட்சியர் அலுவலக வளாகம் என்பதெல்லாம் சரி, அங்கே மதிலும் கேட்டும் உண்டு. யாரும் நுழையலாம் என்று நாம் வரைகிற ஒரு வெளிக்கு இந்தப் பெயரை வைத்தால் சொல்லே கேட்டைப் பூட்டிவிடுகிறது. சென்னைப் பாண்டி பஜாரில் 2019-ல் திறந்த ‘பெடஸ்டிரியன் பிளாசா’வைச் செய்திகளில் நடைபாதை வளாகம் என்று எழுதினார்கள். அங்கே நடந்தது தியாகராய சாலையின் இருபுறமும் நடைபாதையை அகலப்படுத்தியது. கிரேக்க மூலப்படி அது அசல் பிளாசா, ஆனால் தமிழில் அதற்கு அகல்நடை என்றோ நடைத்தெரு என்றோ சொன்னால் பார்த்தவுடன் விளங்கும்.

திடல் மேடான வெற்று நிலம், தீவுத்திடல் போல. கூட்டத்துக்கும் பொருட்காட்சிக்கும் ஏற்றது, தினமும் மாலையில் நாலு பேர் உட்காரும் இடத்துக்குப் பெரிது. மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் மந்தை உண்டு, மாடுகள் கூடிய வெளியிலேயே ஊரும் கூடுகிறது. அங்கே சைட் எடுத்தவர்கள் தயவுசெய்து அதை மந்தை என்றே எழுதுங்கள், அது ஏற்கெனவே உள்ள பெயர். பொதுவெளி என்பது ‘பப்ளிக் ஸ்பேஸ்’ என்ற பொதுப் பெயருக்கு நேர், அதனுள் தெருவும் பூங்காவும் கடற்கரையும் அடக்கம்; ஒரு வகையை மட்டும் சுட்ட அது உதவாது.

என் தேர்வு முற்றவெளி. நான் உண்டாக்கியது இல்லை. யாழ்ப்பாணத்தில் கோட்டைக்கு முன்னே இருக்கும் பெரிய திறந்த வெளியின் பெயர் அது. கூட்டம், விளையாட்டு, கண்காட்சி எல்லாம் அங்கே நடக்கிறது, பேருந்தில் ஏறுகிறவரும் அப்படித்தான் கேட்டு இறங்குகிறார். முற்றம் என்று மட்டும் சொன்னால் வீட்டுக்குள் போய்விடுவோம், செட்டிநாட்டு வீடு நினைவுக்கு வரும். வெளி சேர்ந்ததும் அது ஊருக்கு உரியதாகிவிடுகிறது. ஒரு கட்டடத்தின் முன்னால், கட்டடத்துக்கு மட்டும் சொந்தமாகாமல் இருக்கும் வெளி என்பது பிளாசாவின் இன்றைய பொருளுக்கு நன்றாகப் பொருந்துகிறது.

ஆகவே ஷீட்டில் அரைவல் பிளாசாவை வருகை முற்றவெளி என்றும், மார்க்கெட் பிளாசாவைச் சந்தை முற்றவெளி என்றும், வாட்டர்ஃப்ரன்ட் பிளாசாவைக் கரைவெளி என்றும் எழுதலாம். மெட்ரோ நிலையத்துக்கு மேல் வரும் ‘எலிவேட்டட் பிளாசா’வுக்கு மாடவெளி எனக்கு ஓரளவு பிடித்திருக்கிறது, இதைவிட நல்ல சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம். மரத்தடி மேடையை மட்டும் எதற்குள்ளும் சேர்க்காமல் தனியாகக் குறியுங்கள், உயரம் ஒன்றரை அடி என்று அளவோடு.