மெதுவாக ஓட்டினால் பெயர்ப்பலகை சுத்தமாக வருமா?

ஒரே மாதத்தில் என்னிடம் வந்த நான்காவது பலகை இது. புதுச்சேரியில் சிஎன்சி ரூட்டர் (கணினி சொல்லும் வழியில் மரத்தைக் குடையும் இயந்திரம்) வைத்து மரப் பெயர்ப்பலகை செதுக்கித் தருவது என் தொழில். வேறு இடத்தில் செதுக்கிக் கெட்டுப்போன பலகையைச் சரிசெய்து தருவதே தனித் தொழிலாகிவிடும் போலிருக்கிறது.

நான்காவது பலகையைக் கொண்டுவந்தவர் கடலூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலில் அவருடைய கொல்லைப் பலாமரம் சாய்ந்துவிட்டது. கணவர் நட்ட மரம் என்பதால் விறகுக்குக் கொடுக்க மனம் வராமல், வெகுநாள் பட்டையோடு கிடந்த அடிமரத்தை அறுக்கக் கொடுத்து, அறுத்த நான்கே மாதங்களில் ‘பலாநிழல்’ என்று வீட்டுப் பெயரைச் செதுக்கச் சொல்லியிருக்கிறார். ‘ழ’வின் சுழியில் கருகல், எழுத்தின் ஓரமெங்கும் பஞ்சு போலப் பிசிறு, ‘ல்’லின் புள்ளி, பீடியை அழுத்தி அணைத்த இடம் போல இருந்தது. “ரொம்ப மெதுவாகத்தான் ஓட்டினேன், இதைவிடச் சுத்தமாக வராது என்று அந்தத் தம்பி சத்தியம் செய்கிறார் சார்” என்றார் அந்த அம்மா. அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை. மெதுவாக ஓட்டியதுதான் கோளாறு.

உளியைப் பிடித்தவருக்கு மெதுவாகச் செய்தால் நேர்த்தி வரும். ஏனெனில் உளி, கை நின்றால் தானும் நிற்கும். ரூட்டரில் சுழலும் வெட்டுமுனையான பிட் நிற்பதில்லை. நிமிடத்துக்கு 18,000 சுற்று சுற்றும் இரண்டு வெட்டுவாய்ப் பிட், நிமிடத்துக்கு 36,000 முறை மரத்தைத் தொடுகிறது. ஃபீடை, அதாவது பிட் மரத்தில் முன்னேறும் வேகத்தை, நிமிடத்துக்கு 3,600 மில்லிமீட்டரில் வைத்தால் ஒவ்வொரு வெட்டுக்கும் 0.1 மி.மீ. மரம் கிடைக்கும், அது சீவலாகப் பெயர்ந்து, பிறந்த சூட்டையும் தன்னோடு வாரிக்கொண்டு போகும். அதே சுற்றில் ஃபீடை 600க்கு இறக்கினால் ஒரு வெட்டுக்குக் கிடைப்பது 0.017 மி.மீ.க்கும் குறைவு. அந்த மெல்லிய அளவில் பிட் வெட்டுவதில்லை, தேய்க்கிறது. சூடு போக வழியில்லாமல் பிட்டிலும் மரத்திலும் தங்குகிறது. மரம் கருகுகிறது, பிட்டின் கூர் மழுங்குகிறது, மழுங்கிய பிட் நாரை வெட்டாமல் பிய்க்கிறது. பிசிறைப் பார்த்த ஓட்டுநர் பதறி இன்னும் வேகத்தைக் குறைக்கிறார். இந்தச் சுழலில் சிக்கிய பலகைகளைத்தான் நான் மாதந்தோறும் பார்க்கிறேன். இயந்திரத்துக்கு அடியில் குனிந்து பாருங்கள்: சீவல் விழுந்தால் வெட்டுகிறது, மாவு விழுந்தால் தேய்க்கிறது. இதை அறிய எந்தக் கருவியும் வேண்டாம்.

நம் எழுத்துகளுக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் நேர்க்கோடு மிகுதி. தமிழில் சுழியும் வளைவும் மிகுதி. கணினியில் 3,000 என்று போட்டிருந்தாலும் சின்னச் சுழிக்குள் திரும்பும்போது இயந்திரம் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சுற்று மட்டும் குறையாது. கருகல் எப்போதும் ‘ழ’, ‘ண’, ‘லை’ ஆகியவற்றின் சுழியில் தொடங்குவது இதனால்தான். எழுத்து சிறியதாக இருந்தால் பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலை 12,000 சுற்றுக்கு இறக்குங்கள். புள்ளியை வி-பிட்டால் (‘V’ வடிவக் கூர்முனைப் பிட்) நேராகக் குத்தி நிறுத்தாதீர்கள். பிட்டின் முனையில் வெட்டும் வேகம் கிட்டத்தட்டச் சுழியம், அது துளைக்காது, பொசுக்கும். சிறிய நேர்ப்பிட்டால் வட்டமாகச் சுற்றி இறக்கினால் புள்ளி சுத்தமாக வரும்.

மாவாக விழுவதில் அழகுக் குறைவு மட்டும் இல்லை. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் வகைப்படுத்தியிருக்கிறது. தூள் எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு ஆழமாக மூச்சில் இறங்கும். கழுத்துத் துண்டை மூக்கில் சுற்றிக்கொள்வது முகக்கவசம் ஆகாது, என்95 அணியுங்கள். இன்னொன்று, கருகும் பிட்டிலிருந்து பறக்கும் ஒரு கங்கு, தூள் உறிஞ்சியின் பைக்குள் போய் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். என் பட்டறையிலேயே ஒருநாள் பூட்டிவிட்டுப் போனவன், மறந்த கைபேசிக்காகத் திரும்பி வந்தபோது பை புகைந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து பையைக் காலி செய்யாமல் கதவைப் பூட்டுவதில்லை.

இனி மரம். ஈரமுள்ள மரத்தில் எந்தப் பிட்டும் பிசிறு விடும். ஈர நார் வெட்டுப்படாமல் மடங்கிக்கொண்டு, காய்ந்தபின் மயிராக எழுந்து நிற்கும். நம் கடலோரக் காற்றுக்கு 12 முதல் 14 விழுக்காடு ஈரம் போதும். அந்தப் பலாப் பலகையில் ஈரமானியை வைத்தபோது 24 காட்டியது. வெயிலில் சாய்த்து வைத்தால் சீக்கிரம் காயும் என்று நினைக்காதீர்கள்; மேல்புறம் மட்டும் காய்ந்து வெடிக்கும். நிழலில், இடையில் குச்சி கொடுத்து அடுக்கி வைக்க வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது ஆசாரிமார் கணக்கு.

பலகை மட்டமாக இருக்கிறதா என்று பார்ப்பவர் பத்தில் ஒருவர்கூட இல்லை. 90 பாகை வி-பிட்டில் பலகையின் உயரம் அரை மில்லிமீட்டர் ஏறினால் எழுத்தின் கோடு ஒரு மில்லிமீட்டர் தடிக்கும். முதல் எழுத்து மெலிந்தும் கடைசி எழுத்து பருத்தும் வந்தால் எழுத்துருவைத் திட்டாதீர்கள். முதலில் பலகையின் முகத்தை இழைத்து மட்டமாக்குங்கள். பிட்டைக் கவ்விப் பிடிக்கும் கோலெட்டைக் கழற்றித் துடையுங்கள். அதில் படிந்த தூளால் பிட் தள்ளாடும். தட்டைக் குழி எடுக்கும்போது மேல் ஓரம் சிலாம்பாகப் பெயர்ந்தால், தூளை மேலே தள்ளும் அப்கட் பிட்டை மாற்றி, கீழே தள்ளும் டவுன்கட் போடுங்கள். ஆழம் அதிகமென்றால் தூள் அடைத்துக்கொள்ளும், இரண்டு மூன்று தடவையாக இறக்குங்கள். ஓரத்தில் 0.3 மி.மீ. விட்டுவைத்து, கடைசியில் ஒரே ஓட்டமாகச் சீவுங்கள். செதுக்கும் முன் அவலரக்கு (ஷெல்லாக்) கரைசலை ஒரு கை பூசிக் காயவிட்டால் நார் விறைத்து நின்று வெட்டுப்படும்.

இவ்வளவும் சொன்ன பிறகும், “உப்புத்தாள் போட்டால் சரியாகிவிடாதா?” என்று ஒருவர் கேட்பார். ஆகாது. உப்புத்தாள் பிசிறை மட்டும் தேடிப்பிடித்துத் தேய்க்காது. எழுத்தின் கூரான விளிம்பையும் சேர்த்து மழுக்கிவிடும். தயவுசெய்து எழுத்துக்குள் உப்புத்தாளை மடித்துத் திணிக்காதீர்கள்.

அந்த அம்மாவின் பலகை ஒன்றரை அங்குலக் கனம்; எழுத்தின் ஆழம் 5 மி.மீ. தான். காய்ந்தபின் 6 மி.மீ. இழைத்தெடுத்துப் புது முகத்தில் செதுக்கலாம் என்று சொல்லி வாங்கி வைத்திருக்கிறேன். பரணில் குச்சிகளின் மேல் கிடக்கிறது. மாதம் ஒருமுறை எடை போட்டுப் பின்புறத்தில் பென்சிலால் எழுதுகிறேன்: 7.3, 7.1, 7.0 கிலோ. தொடர்ந்து மூன்று முறை ஒரே எண் வந்தால் அழைக்கிறேன் என்றிருக்கிறேன். வாரம் தவறாமல் அவரே அழைத்து எடை கேட்கிறார்.