40 மில்லி விநாடியை யார் ஈடுகட்டுவது?

“எங்கள் குழுவுக்கு டிரம்ஸ் வாசிக்க ஆள் தேவை. ஒன்பது பேர் டெமோ அனுப்பியிருக்கிறார்கள். எல்லாமே அருமையாக இருக்கின்றன. யாரை ஆடிஷனுக்குக் கூப்பிடுவது?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பாதிப் பதில் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ஒன்பதும் அருமையாக இருக்கிறதென்றால், நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதை அந்த டெமோக்கள் சொல்லவில்லை. கிளிக் (தாளத்தை எண்ணிக் காட்டும் டிக்-டிக் ஒலி) ஓடவிட்டு வாசித்து, பிறகு மென்பொருளில் ஒவ்வோர் அடியையும் கட்டத்துக்குள், அதாவது தாளக்கணக்குப்படி அது விழ வேண்டிய துல்லியமான இடத்துக்கு, இழுத்து உட்காரவைத்த பதிவில் அந்த ஆளின் லயம் தெரியாது, மென்பொருளின் லயம்தான் தெரியும். டெமோவைப் பெரிதாக்கி அலைவடிவத்தைப் பாருங்கள். கிக் டிரம் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) அடிகள் எல்லாம் கட்டக்கோட்டிலிருந்து 1, 2 மில்லி விநாடிக்குள் நின்றால், அது மனிதர் போட்ட அடி இல்லை. மனிதக் கையோ காலோ அவ்வளவு ஒழுங்காக நிற்காது.

வீடியோ டெமோ இன்னும் மோசம். 2013-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் சியா-ஜுங் ட்சே என்ற ஆய்வாளர் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார். இசைப் போட்டிகளின் இறுதிச் சுற்றுக்கு வந்த மூவரின் சில விநாடித் துணுக்குகளைக் காட்டி, வென்றவர் யார் என்று கேட்டார். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு பங்கு சரியாக வரும். ஒலியை மட்டும் கேட்டவர்கள் அதைத் தாண்டவில்லை. ஒலியே இல்லாத வீடியோவை மட்டும் பார்த்தவர்கள் ஏறக்குறைய பாதி முறை சரியாகச் சொன்னார்கள். தொழில்முறை இசைக்கலைஞர்களும் இப்படியே. பிறகு வேறு துணுக்குகளை வைத்துச் செய்து பார்த்தபோது இந்த விளைவு எல்லா இடத்திலும் தலைகாட்டவில்லை. ஆகவே “காது பொய், கண்தான் மெய்” என்று இதை நீட்ட வேண்டாம். நடுவர்களின் தீர்ப்புக்குள் கண் புகுந்துவிடுகிறது என்பதுவரை எடுத்துக்கொண்டால் போதும். அமெரிக்காவின் பாஸ்டன் சிம்பொனி இசைக்குழு 1952-லேயே ஆடிஷனில் திரை கட்டியது இதனால்தான். திரைக்குப் பின்னால் நடப்பவரின் காலணி ஓசையே ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுக்கும் என்பதால் தரையில் கம்பளம் விரிக்கும் வழக்கமும் வந்தது. நீங்கள் திரை கட்ட வேண்டியதில்லை. வீடியோவைக் கவிழ்த்து வைத்துவிட்டு முதலில் ஒலியை மட்டும் கேளுங்கள்.

சரி, எதைக் கேட்பது? வேகத்தையா, ஃபில் (வரிகளுக்கு இடையே நிரப்பும் அடிகள்) போடும் சாமர்த்தியத்தையா? அவை டெமோவில் எப்படியும் தெரிந்துவிடும். டெமோவில் தெரியாத ஒன்று, பக்கத்தில் வாசிப்பவர் பிசகும்போது இவர் என்ன செய்கிறார் என்பது. ஒரு குழு சேர்ந்து ஒலிப்பதற்கு அடிப்படையே அதுதான். பிசகாமல் யாரும் வாசிப்பதில்லை. தேர்ந்த சிறு குழுக்களில்கூட, ஒரே நேரத்தில் தொடங்க வேண்டிய சுரங்கள் 30 முதல் 50 மில்லி விநாடி வரை சிதறுகின்றன என்று 1979-லேயே ராஷ் என்ற ஆய்வாளர் அளந்து காட்டினார். 120 பிபிஎம்-மில் (நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில்) ஒரு பதினாறாம் பங்குச் சுரத்தின், அதாவது ஓர் அடியில் நான்கில் ஒரு பங்கின், நீளம் 125 மில்லி விநாடி. அதில் 40 என்பது மூன்றில் ஒரு பங்கு. அவ்வளவு சிதறியும் பாட்டு குலையாமல் போகிறதென்றால், ஒவ்வோர் அடியிலும் யாரோ அதை ஈடுகட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

இந்த ஈடுகட்டலின் கணக்கு பள்ளிக்கூடக் கழித்தலைத் தாண்டாது. ஆனால் எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் அலுக்காது.

டிரம்மர் ஓர் அடியை 40 மில்லி விநாடி முந்திப் போட்டுவிட்டார் என்று வையுங்கள். பேஸ் கிட்டார் வாசிப்பவர் அவரைவிட 40 பின்னால் இருக்கிறார். இருவருமே பொறுப்பானவர்கள், இருவர் காதிலும் பிசகு விழுந்துவிட்டது. டிரம்மர் “முந்திட்டோம்” என்று அடுத்த அடியை 40 தள்ளிப் போடுகிறார். பேஸ்காரர் “பிந்திட்டோம்” என்று அடுத்த சுரத்தை 40 முன்னால் இழுக்கிறார். விளைவு? இப்போது பேஸ் 40 முந்தி நிற்கிறது. அடுத்த அடியில் மறுபடி இடம் மாறும். ஒற்றையடிப் பாதையில் எதிரெதிரே வரும் இருவர் ஒரே பக்கம் ஒதுங்கி, மறுபடி ஒரே பக்கம் ஒதுங்கி நிற்பார்களே, அதே கதை. இருவரும் நன்றாகக் கேட்கிறார்கள், இருவரும் முழுமையாகத் திருத்துகிறார்கள், அதனாலேயே பிசகு தீரவே தீராது.

ஆளுக்குப் பாதி திருத்தினால்? டிரம்மர் 20 தள்ளுகிறார், பேஸ் 20 இழுக்கிறது, ஒரே அடியில் கணக்கு நேர். ஆளுக்குக் கால் பங்கு திருத்தினால் 40, 20, 10, 5 என்று சில அடிகளில் கரையும். ஒருவர் பாதி திருத்தி மற்றவர் காதே கொடுக்கவில்லை என்றாலும் இதே 40, 20, 10, 5 தான் வரும். ஆனால் வேலை முழுவதும் ஒருவர் தலையில். இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

நான்கு பேர் என்றால்? ஒவ்வொருவரும் மற்ற மூவரோடும் உள்ள பிசகில் கால் பங்கைத் திருத்தினால் எல்லாப் பிசகும் அடுத்த அடியிலேயே தீர்கிறது. இரண்டு பேருக்குப் பாதி, நான்கு பேருக்குக் கால். பொதுவாக ஒன்றின் கீழ் ஆள் எண்ணிக்கை. ஆலன் விங்கும் சகாக்களும் 2014-ல் இரண்டு தொழில்முறை நால்வர் குழுக்களின் வாசிப்பை அளந்து, யார் யாருக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்கிறார்கள் என்று எண்ணாகவே எடுத்துவிட்டார்கள். ஒரு குழுவில் முதல் வயலின் குறைவாக விட்டுக்கொடுத்தது, மற்றவர்கள் அதன் பக்கம் நகர்ந்தார்கள். இன்னொரு குழுவில் நால்வரும் ஏறத்தாழச் சமமாகப் பகிர்ந்துகொண்டார்கள். ஒத்திகையில் “நாங்க எல்லாரும் சமம்தான்” என்று சொல்லும் குழுக்களை இப்படி அளந்து பார்க்க ஆசையாக இருக்கிறது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பிசகு இரண்டு இடத்தில் பிறக்கிறது என்று 1973-ல் விங்கும் கிறிஸ்டோஃபர்சனும் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று மனதுக்குள் ஓடும் கடிகாரம், மற்றது கை. கடிகாரம் பிசகினால் அடுத்த அடியும் அதற்கேற்ப நகர்ந்துவிடும், அதைத் திருத்தியே ஆக வேண்டும். கை மட்டும் ஒருமுறை பிந்தினால் அடுத்த அடி தானாகவே சரியான இடத்தில் விழும். அந்தத் தப்பு நடந்து முடிந்துவிட்டது. அதைத் துரத்தித் திருத்தினால் இல்லாத தப்பை உண்டாக்குகிறீர்கள். ஆகவே நல்ல லயக்காரர் கணக்கு சொல்வதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் திருத்துவார். அனுபவசாலிகள் “அவசரப்படாதே, தானா வரும்” என்று சொல்வதற்கு உள்ளே இருக்கும் இயற்பியல் இதுதான்.

இதில் பெரும்பகுதிக்கு அடிப்படை, விரலால் மேசையைத் தட்டவைத்துச் செய்த சோதனைகள். “மேசையைத் தட்டுவதற்கா ஆராய்ச்சிப் பணம்?” என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. பார்க்கின்சன் நோயாளிகளுக்குத் தாள ஒலியைக் கேட்கவைத்து நடையைச் சீராக்கும் சிகிச்சைக்கும் இதே மேசையோடு உறவு உண்டு. அற்பமாகத் தோன்றும் கேள்விக்குப் பணம் தர மறுக்கும் குழுக்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

டெமோவுக்கு வருவோம். கட்டத்துக்குள் இழுக்காத பதிவு, அதாவது மேடைப் பதிவோ ஒத்திகைப் பதிவோ கேட்டு வாங்குங்கள். டிரம்ஸும் பேஸும் தனித்தனி டிராக்கில் இருந்தால் இன்னும் நல்லது. இருபது இடங்களில் இரண்டும் சேர்ந்து விழ வேண்டிய அடிகளைப் பெரிதாக்கி, டிரம்ஸ் எத்தனை மில்லி விநாடி பிந்துகிறது என்று வரிசையாகக் குறியுங்கள், முந்தினால் கழித்தல் குறியோடு. சராசரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எல்லா அடியும் 15 பிந்தினால் அது பாணி, சாய்ந்து வாசிக்கும் சுகம். வரிசையைத்தான் படிக்க வேண்டும்.

30, 17, 9, 4 என்று இறங்கினால் ஆள் கேட்கிறார், திருத்துகிறார். 30 அடித்துவிட்டு அடுத்தது 2, அதற்கடுத்தது 0 என்றால் கை ஒருமுறை வழுக்கியது, விட்டுவிடுங்கள். 30, கழித்தல் 27, 25, கழித்தல் 26 என்று முன்னும் பின்னும் ஊசலாடினால் மிகையாகத் திருத்துகிறார், நம் ஒற்றையடிப் பாதை. பெரும்பாலும் பதற்றம்தான், பழகினால் சரியாகும். 8, 14, 21, 33, 45 என்று ஏறிக்கொண்டே போய்த் திடீரென்று ஒரே தாவலில் 0 வந்தால்தான் கவலைப்பட வேண்டும். அவர் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார், யாரோ கண்ணைக் காட்டிய பிறகுதான் திரும்பினார்.

பழைய பதிவு கிடைக்காவிட்டால் நீங்களே ஒரு சோதனை டிராக் செய்து அனுப்பலாம். 96 பிபிஎம், இரண்டு நிமிடம், பேஸும் கிட்டாரும் போதும், கூடவே ஓடும் கிளிக் வேண்டாம். அந்த வேகத்தில் ஓர் அடி 625 மில்லி விநாடி. நடுவில் ஓரிடத்தில் ஒரே ஓர் அடியை மட்டும் 50 மில்லி விநாடி நீட்டுங்கள், அதன்பின் பழைய வேகமே தொடரட்டும். ஆள் கேட்டு வாசிப்பவர் என்றால் மூன்று நான்கு அடிகளில் 50, 25, 12 என்று வந்து சேர்ந்துவிடுவார். நீட்டியதை அவர் கவனித்தே ஆக வேண்டும் என்றில்லை. உணர முடியாத அளவு சின்ன மாற்றத்தைக்கூடக் கை தானாகவே திருத்திவிடும் என்பதை புரூனோ ரெப் விரல்தட்டுச் சோதனைகளிலேயே காட்டியிருக்கிறார். இன்னோரிடத்தில் வேகத்தை 96-லிருந்து 100-க்கு மாற்றி அப்படியே விடுங்கள். இது வேறு வேலை. இங்கே கை மட்டும் திருத்தினால் போதாது, மனக்கடிகாரமே புதுவேகத்துக்கு மாற வேண்டும், அதற்குக் கவனம் தேவை. முதல் சோதனையில் தேறி இரண்டாவதில் தடுமாறுபவர்கள் நிறைய.

இந்தச் சோதனை கெட்டுப்போவது பெரும்பாலும் கருவிகளால். புளூடூத் ஹெட்ஃபோனில் ஒலி 100, 200 மில்லி விநாடி தாமதமாக வரும். அதைப் போட்டுக்கொண்டு வாசித்தால் உலகின் தலைசிறந்த டிரம்மரும் பிந்துவார். கம்பி ஹெட்ஃபோன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். பதிவுக் கருவியின் பஃபர் (ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் தற்காலிக இடம்) 512 மாதிரிகள் என்றால், நொடிக்கு 44,100 மாதிரி வீதத்தில் போகும்போது 11.6 மில்லி விநாடி, வரும்போது 11.6. எம்பி3 ஆக மாற்றினால் தொடக்கத்தில் கொஞ்சம் மௌனம் ஒட்டிக்கொள்ளும், எனவே வேவ் கோப்பாகவே கேளுங்கள். இந்தக் கருவிப் பிசகுகள் எல்லாம் மாறாத அளவு என்பதால் கழித்துவிடலாம். டிராக்கின் முன்னால் நான்கு கிளிக் வையுங்கள், வாசிக்கும் முன் ஹெட்ஃபோனை மைக்குக்குப் பக்கத்தில் பிடித்து அந்த நான்கையும் பதிவாகவிடச் சொல்லுங்கள். அந்தக் கிளிக்குகள் எவ்வளவு பிந்தி விழுந்தனவோ அதை எல்லா அடியிலும் கழியுங்கள். ஒரே மூச்சில் எடுத்த மூன்று டேக் வாங்குங்கள். முதல் டேக்கைத்தான் அளக்க வேண்டும், மூன்றாவதற்குள் டிராக் மனப்பாடமாகியிருக்கும்.

சுருதி விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். டியூனர் எல்லோரிடமும் இருக்கிறது. வழக்கமாக 440 ஹெர்ட்ஸில் வைக்கும் A சுரத்தை 432-இல் வைத்தால் “இயற்கையோடு இசையும்” என்று நம்பி அதில் சுருதி வைக்கும் பேஸ் அல்லது கிட்டார்க்காரரிடமிருந்து டெமோ வந்தால் மட்டும் கவனியுங்கள். ஒரு நொடிக்கு இத்தனை அதிர்வு என்பதில் நொடியே மனிதர் வகுத்த அளவு, அதில் ஓர் எண்ணுக்கு மட்டும் இயற்கை சலுகை தராது. ஆனால் 440-இல் இருக்கும் உங்கள் குழுவோடு அவர் சேர்ந்து அந்த A சுரத்தை வாசித்தால் நொடிக்கு 8 விம்மல் (ஒலி ஏறி இறங்குவது) நிச்சயமாக வரும்.

கடைசியாக, வருகிறவரும் உங்களை எடைபோடுவார், போட வேண்டும். குழுவின் வெளியீடுகளைக் கேட்டுப் பயனில்லை, அவையும் கட்டத்துக்குள் இழுத்தவைதான். ஃபோனில் எடுத்த ஒத்திகைப் பதிவு ஒன்றைக் கேட்டு வாங்கி, இரண்டு இடம் பார்த்தால் போதும். ஒன்று, பல்லவிக்குள் நுழையும் இடம். 120 பிபிஎம்-மில் நாலடித் தாளத்தில் 16 பார் ஓட 32 விநாடி ஆக வேண்டும். கைக்கடிகாரத்தில் 31 வந்தால் குழு 124-க்கு ஓடுகிறது. எல்லோரும் சேர்ந்து ஓடினால் அது உற்சாகம், ஒருவர் ஓட மற்றவர்கள் துரத்தினால் அது சண்டை. இரண்டு, யாராவது வெளிப்படையாகத் தப்பும் இடம். அடுத்த நான்கு அடிகளில் யார் நகர்கிறார் என்று கேட்க வேண்டும். தப்பியவரும் மற்றவர்களும் நடுவழியில் சந்தித்தால் நல்ல குழு. மூன்று பேர் கல்லாக நிற்க, எப்போதும் பழைய டிரம்மர் மட்டுமே ஓடி ஓடி ஒட்டவைத்திருந்தால், அவர் ஏன் விலகினார் என்று தனியாக விசாரிக்க வேண்டியதில்லை.