பில்தாத் சொன்னதைச் சுவரில் மாட்டியிருக்கிறோம்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிகிற நேரத்தில் ஒரு தட்டில் வாக்குத்தத்த அட்டைகள் வரும். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்போம். வந்தது எதுவோ, அந்த வருடத்துக்கு ஆண்டவர் நமக்குத் தந்த வசனம் அதுதான். அதைப் பைபிளுக்குள் பத்திரமாக வைப்போம். பலருக்கு அந்த வருடம் முழுக்கப் பைபிளோடு இருக்கிற தொடர்பும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. திருகோணமலையில் சபைகளிலும் வீடுகளிலும் வேதபாடம் எடுப்பதுதான் என் வேலை. மெதடிஸ்த, அங்கிலிக்கன், ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க), பெந்தெகொஸ்தே என்று எல்லாப் பக்கத்து ஆட்களும் வந்து உட்காருவார்கள். சோம்பேறிகள் என்று யாரையும் சொல்ல முடியாது. ஞாயிறு பாடசாலையில் மனனம் செய்த 23ஆம் சங்கீதத்தை எழுபது வயதிலும் ஒரு சொல் பிசகாமல் சொல்கிற அம்மாமார் இருக்கிறார்கள். வசனம் தெரியும். அந்த வசனத்தை யார், யாருக்கு, எந்த நிலைமையில் சொன்னார் என்று கேட்டால்தான் வீடு அமைதியாகிவிடும்.

உதாரணத்துக்குப் பைபிளில் யோபுவின் புத்தகம் 8:7. துவக்கம் அற்பமாயிருந்தாலும் முடிவு சம்பூரணமாயிருக்கும் என்கிற வசனம். கலண்டரில், கடைத் திறப்பு விழா அழைப்பிதழில், ஆட்டோவின் பின்கண்ணாடியில் என்று எங்கும் பார்க்கலாம். இதைச் சொன்னது யார் என்று நான் வகுப்பில் கேட்பதுண்டு. "கர்த்தர்" என்பார்கள். சிலர் "யோபு" என்பார்கள். சொன்னவன் பில்தாத், யோபுவைப் பார்க்க வந்த மூன்று நண்பர்களில் ஒருவன்.

சரி, யார் சொன்னால் என்ன, நல்ல வசனம்தானே என்று கேட்கலாம். மூன்று வசனம் பின்னால் போய்ப் பாருங்கள். காற்றடித்து வீடு இடிந்து பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்த தகப்பன் யோபுவிடம், உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதற்குத்தான் இந்தத் தண்டனை என்கிற பேச்சைப் பேசுகிறான் பில்தாத். நீ சுத்தமாக இருந்தால் எல்லாம் திரும்பக் கிடைக்கும் என்பது அந்தப் பேச்சின் அடுத்த வரி. அந்த வரியைத்தான் நாம் வெட்டி எடுத்துச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம். 42ஆம் அதிகாரத்தில் கர்த்தர் இந்த நண்பர்கள் மேல் கோபப்பட்டு, என்னைப் பற்றி நீங்கள் சரியாகப் பேசவில்லை என்கிறார். யோபுவின் முடிவு நன்றாகத்தான் அமைகிறது. ஆனால் பில்தாத் போட்ட கணக்கின்படி இல்லை.

எங்கள் கரையில் இது வெறும் படிப்பு விஷயமாக நிற்பதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு, செத்தவர்கள் ஏன் செத்தார்கள் என்று பில்தாத் மாதிரியே விளக்கம் சொன்னவர்கள் இருந்தார்கள். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த வீடுகளில் போய்ச் சொன்னார்கள். யோபுவை முழுதாக வாசித்த ஒருவர் அந்த வீட்டில் இருந்திருந்தால், ஐயா, நீங்கள் பேசுவது கர்த்தர் கண்டித்த பேச்சு என்று சொல்லியிருக்கலாம். லூக்கா 13ஐயும் காட்டியிருக்கலாம். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததைப் பற்றி, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் இல்லை என்று இயேசுவே சொல்கிற இடம் அது.

இன்னொரு வீட்டில், உப்புவெளிப் பக்கம், ஒரு அம்மா சீனி வருத்தத்துக்கான குளிசையை நிறுத்திவிட்டார். வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் "அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்" என்ற ஏசாயா 53:5ஐ வைத்துப் பேசியிருக்கிறார். இனிக் குளிசை போட்டால் அது அவிசுவாசம் என்று இவர் எடுத்துக்கொண்டார். மகள் பயந்துபோய் என்னைக் கூப்பிட்டாள். தெய்வீக சுகத்தை நம்புகிறவர்களோடு எனக்கு வழக்கில்லை. நானும் நோயாளிகளுக்காக ஜெபிக்கிறவன்தான். அதே ஏசாயாவின் 38ஆம் அதிகாரத்தைத் திறந்து அவரையே வாசிக்கச் சொன்னேன். எசேக்கியா ராஜாவுக்குச் சாகிற வருத்தம். ராஜா ஜெபிக்கிறார், கர்த்தர் கேட்கிறார், பதினைந்து வருடம் கூட்டிக் கொடுக்கிறார். கடைசியில் ஏசாயா, அத்திப்பழ அடையை எடுத்துப் புண்ணின் மேல் பற்றுப் போடச் சொல்கிறார்.

"அப்ப ஏசாயாவே மருந்து கட்டச் சொன்னவரோ?" என்றார் அம்மா.

பிறகு அப்போஸ்தலன் பவுலின் கூட்டாளிகளையும் பார்த்தோம். எப்பாப்பிரோதீத்து சாகும் தறுவாய்க்குப் போய் வந்தவன். துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவிட்டு வந்ததாகப் பவுல் எழுதுகிறார். தீமோத்தேயுவுக்கு வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் எடுக்கச் சொல்கிறார். லூக்காவை அவர் அழைப்பதே பிரியமான வைத்தியன் என்று. இவர்கள் எல்லாரும் அவிசுவாசிகளா? அம்மா அடுத்த கிளினிக்குக்குப் போனார். அந்தப் பிரசங்கியார் மேல் அவருக்கு மதிப்பு ஒன்றும் குறையவில்லை. அப்படித்தான் நடக்கும்.

இதற்குச் சனங்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சபை நடத்துகிற நாங்கள்தான் அவர்களை இப்படிப் பழக்கியிருக்கிறோம். சிறுவயதில் மனன வசனம். வாலிபத்தில் வேதாகம வினாடி வினா: மெத்தூசலா எத்தனை வருடம் இருந்தான்? 969 என்று பெல் அடித்துச் சொன்னால் கேடயம். மாற்கு தன் நற்செய்தியை எப்படித் தொடங்குகிறார், எங்கே திருப்புகிறார் என்று எந்தப் போட்டியிலும் கேட்டதில்லை. காலையில் வாட்ஸ்அப்பில் பூப்படத்தோடு ஒரு வசனம். ஆராதனையில் வசனம் திரையில் வருகிறபடியால் கையில் பைபிளைத் திறக்கத் தேவையே இல்லை. போனில் தேடினால் தேடிய வசனம் மட்டும் வந்து நிற்கும். மேலும் கீழும் என்ன இருக்கிறது என்று பார்க்க யார் விரலை நகர்த்துகிறார்கள்? வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய பத்து நிமிட வாய்ஸ் மெசேஜில் நடுவில் ஐந்து வினாடியை மட்டும் கேட்டுவிட்டு அவன் சுகம் என்று யாரும் சொல்லமாட்டோம். வசனத்தில் மட்டும் சொல்கிறோம். இத்தனைக்கும் பவுலோ ஏசாயாவோ வசன எண் போட்டு எழுதவில்லை. அதிகாரப் பிரிப்பு 13ஆம் நூற்றாண்டில் வந்தது. புதிய ஏற்பாட்டில் இன்று நாம் பார்க்கிற வசன எண்கள் 1551இல் ஒரு அச்சகக்காரர் போட்டவை.

"நாங்கள் ஆர்.சி., எங்களுக்குப் பைபிள் தெரியாது ஐயா" என்று முதல் நாளே ஒதுங்கப் பார்க்கிறவர்களும் உண்டு. உண்மை கொஞ்சம் வேறு. ஞாயிறு தவறாமல் திருப்பலிக்குப் போகிறவர் முதல் வாசகம், பதிலுரைப் பாடல், இரண்டாம் வாசகம், நற்செய்தி என்று கேட்கிறார். மூன்று வருடச் சுற்றில் மத்தேயு, மாற்கு, லூக்கா மூன்றும் ஒழுங்காக வரும். பாலையூற்றிலிருந்து வருகிற ஒருவருக்கு உவமைகள் எந்த வரிசையில் வருகின்றன என்பது காதாலேயே பிடிபட்டிருக்கிறது. வீட்டில் புத்தகத்தைத் திறக்கிற பழக்கம்தான் குறைவு. குருமார் மட்டுமல்ல, பொதுநிலையினரும் அடிக்கடி வாசிக்க வேண்டும் என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965லேயே சொல்லிவிட்டது.

நம் புரொட்டஸ்தாந்துப் பக்கத்துப் பைபிள்களோ தோலுறை போட்டு, எங்கு போனாலும் கையில் இருக்கும். ஆனால் பக்க ஓரத்தைப் பார்த்தாலே கதை விளங்கிவிடும். சங்கீதம் இருக்கிற இடம் விரல் பட்டுக் கறுத்திருக்கும், ஏசாயாவின் பின்பாதி கொஞ்சம். ஓசியாவிலிருந்து மல்கியா வரைக்கும் பொன்முலாம் அப்படியே மினுங்கும். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடி கிடக்கும். மல்கியா 3:10 மட்டும் விதிவிலக்கு. வருமானத்தில் பத்தில் ஒன்றைக் கொடுக்கச் சொல்லும் தசமபாகப் பிரசங்கத்துக்கு அந்த இடம் தேவைப்படுகிறதல்லவா!

தமிழில் இல்லை என்ற சாட்டு இனி எடுபடாது. தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. மூன்று நூற்றாண்டு தாண்டிவிட்டது. பழைய மொழிபெயர்ப்பின் நடை இளம் பிள்ளைகளுக்குக் கடினம் என்பது உண்மைதான். மனனத்துக்கு அதை வைத்துக்கொண்டு, விளங்கிக்கொள்ள 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தைப் பக்கத்தில் வையுங்கள். சபை வித்தியாசம் பார்க்க வேண்டாம்.

நான் வீடுகளில் செய்வது சின்ன விஷயம். ஒரு சிறிய புத்தகத்தை எடுத்து, முழுதாக, உரத்து, ஒரே இருப்பில் வாசிக்க வைப்பேன். யோனா நாலு அதிகாரம், ரூத் நாலு அதிகாரம். பிலேமோன் வெறும் 25 வசனம், ஐந்து நிமிடம் போதும். அடிமை ஒநேசிமுவை அவன் எஜமான் பிலேமோனிடம் திருப்பி அனுப்பும்போது பவுல் கொடுத்துவிட்ட கடிதம் அது. ஒரு வீட்டில் அதை வாசித்து முடித்ததும், குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்த ஒரு அக்கா கேட்டார்: "அவன் ஏன் வெளிக்கிட்டவன் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லையே ஐயா?"

திரும்ப வாசித்தோம். ஒநேசிமு களவெடுத்தான் என்று கடிதத்தில் எங்கும் இல்லை. அவன் ஏதும் அநியாயம் செய்திருந்தால், கடன்பட்டிருந்தால், என் கணக்கில் வையும், நானே தருவேன் என்றுதான் பவுல் தன் கையால் எழுதுகிறார். களவெடுத்துக்கொண்டு ஓடியவன் என்பது எல்லாரும் பிரசங்கத்தில் கேட்டுப் பழகியது. கடிதம் பிலேமோனுக்கு மட்டும் எழுதப்படவில்லை, அவர் வீட்டில் கூடுகிற சபைக்கும் சேர்த்துத்தான் என்பதை இரண்டாம் வசனத்தில் காட்டினேன். "அப்ப எல்லாருக்கும் முன்னால வாசிச்சிருப்பினம். முதலாளி இல்லையெண்டு சொல்லேலாது" என்றார் அந்த அக்கா. எஜமான் வீட்டுச் சமையலறையை அறிந்தவர் சொன்ன விளக்கம் அது. அதை நான் எந்த விரிவுரையிலும் கேட்டதில்லை.

எரேமியா 29:11ம் இப்படித்தான். தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்று அட்டையில் வரும் வசனம். பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதத்தின் நடுவில் இருக்கிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், திரும்ப எழுபது வருடம் ஆகும் என்கிறது அந்தக் கடிதம். முந்தின அதிகாரத்தில் அனனியா, இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிக் கைதட்டு வாங்கப் பார்க்கிறான். 2006இல் மூதூர்ப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வருடக்கணக்காகக் காத்திருந்தவர்களுக்கு இந்த இரண்டு அதிகாரத்துக்கும் விளக்கவுரை தேவைப்படவில்லை.

பிரசங்கத்தைச் சரிபார்ப்பது மரியாதைக் குறைவு என்று சிலர் தயங்குகிறார்கள். பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே தினமும் வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதற்காக அப்போஸ்தலர் 17 அவர்களைப் புகழ்கிறது.

ஆகவே நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு மாற்கில் தொடங்குங்கள். பதினாறு அதிகாரம், மாறி மாறி உரத்து வாசித்தால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். களைத்தால் எட்டாம் அதிகாரத்தில் நிறுத்தித் தேத்தண்ணி குடியுங்கள். யாரும் பிரசங்கம் பண்ண வேண்டாம். பதில் கிடைக்காத கேள்விகளை எழுதிவைத்து, ஞாயிற்றுக்கிழமை உங்கள் பாஸ்டரிடமோ ஃபாதரிடமோ கொடுங்கள். அடுத்த கிழமைப் பிரசங்கத்துக்கு எங்களுக்கும் கொஞ்சம் வேலை இருக்கட்டும்.