தேரிக்காட்டு 'எலும்பும்' ஜபல்பூர் ஊனுண்ணியும்

நிலவியல் படித்தவன் ஒருவன் ஊரில் இருக்கிறான் என்று தெரிந்தால் போதும், துணிப்பையில் கல் வந்துவிடும். எனக்கு அதிகம் வருவது சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்துச் செம்மணல் தேரிக்காட்டிலிருந்துதான். "சார், டைனோசர் எலும்பு மாதிரி இருக்கு, பாத்துச் சொல்லுங்க." வெள்ளையாக, விரல் கனத்தில், நடுவில் துளையோடு இருக்கும். பார்த்தால் எலும்பேதான். ஆனால் உடைந்த முகத்தில் லென்ஸை வைத்தால் சுண்ணாம்பில் ஒட்டிய மணல் துகள்கள் தெரியும். எலும்புக்குரிய பஞ்சு போன்ற நுண்ணறைகள் இருக்காது. மரவேரைச் சுற்றிச் சுண்ணாம்பு இறுகி, வேர் மக்கி, துளை மட்டும் மிஞ்சியது அது. சிலர் அமிலம் ஊற்றி நுரை வருகிறதா என்று பார்க்கிறார்கள். சுண்ணாம்பு ஊறிய புதைபடிவ எலும்பும்தான் நுரைக்கும், அதை மட்டும் நம்பக் கூடாது.

நம் பக்கம் டைனோசர் கிடைப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். அடியில் இருப்பது சார்னோகைட், நைஸ் என்ற பழம்பாறைகள். தாழையூத்துச் சுண்ணாம்புக்கல்கூட வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியது. எல்லாமே 50 கோடி ஆண்டுகளுக்கு முந்தியவை. தேரி மணலோ, டைனோசர்கள் அழிந்து 6 கோடி ஆண்டுகளுக்கு மேல் கழித்துக் குவிந்தது.

அப்புறம் ஏன் "பிடுங்காதீர்கள்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்? ஜபல்பூரில் நடந்ததைக் கேளுங்கள்.

அங்கே பாரா சிம்லா குன்றில், 1910-களின் கடைசியில், பிரிட்டிஷ் நிலவியலாளர் சார்லஸ் மேட்லி ஒரே பாறை அடுக்கிலிருந்து ஏராளமான எலும்புகளை எடுத்தார். பல விலங்குகளின் எலும்புகள் கலந்து கிடந்த இடம் அது. 1933-இல் அவரும் ஜெர்மானியரான ஹியூனவும் உடைந்த மண்டையோட்டுத் துண்டுகளை வைத்து இண்டோசூக்கஸ், இண்டோசாரஸ் என்று இரண்டு ஊனுண்ணிகளுக்குப் பெயர் வைத்தார்கள். இண்டோசூக்கஸ் நடுத்தர உடம்புக்காரன், ஏழு மீட்டர் அளவில் நீளம் சொல்கிறார்கள். அதே குழியில் கிடைத்த கால் எலும்பு இவனுடையதா, அவனுடையதா? இன்றுவரை உறுதியாகச் சொல்ல முடியாது.

முதலில் இண்டோசூக்கஸை அலோசாரஸின் சொந்தக்காரன் என்றார்கள். பிறகு டைரனோசாரஸ் குடும்பத்தில் வைத்தார்கள். 1985-இல் அர்ஜென்டினாவில் அபெலிசாரஸ் என்ற ஊனுண்ணிக்குப் பெயர் வைத்த பிறகுதான் இவன் அந்த வம்சம் என்று பிடிபட்டது. ஒரு காலத்தில் இந்தியாவும் தென் அமெரிக்காவும் ஒரே பெருங்கண்டத்தில் இருந்தவை, பொருந்துகிறது. குடும்பம் சரி, ஆள் யார் என்பதில்தான் இழுபறி. அவனும் இண்டோசாரஸும் ஒன்றேவா? மேட்லி அதற்கும் முன்பே பெயர் வைத்த லமெட்டாசாரஸும் அதுதானா? அப்படியானால் பழைய பெயரே நிற்க வேண்டும். ஆனால் லமெட்டாசாரஸே ஒரு கலவை. ஊனுண்ணியின் இடுப்பெலும்பையும் வேறு விலங்கின் தோல் தகடுகளையும் சேர்த்துக் கவசம் போட்ட விலங்கு என்று நினைத்துவிட்டார் மேட்லி. இப்போது சரிபார்க்கலாம் என்றால் அந்த எலும்புகளையே காணோம்.

இதற்கு நேர்மாறு குஜராத்தின் ராகியோலி. 1980-களில் அங்கே தோண்டிய இந்திய நிலவியல் ஆய்வுத் துறையினர், எந்த எலும்பு எந்த இடத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்று வரைபடமே போட்டு வைத்தார்கள். சுரேஷ் ஸ்ரீவஸ்தவாவின் அந்த வரைபடத்தை வைத்துத்தான் பல ஆண்டுகள் கழித்து ஒரே விலங்கின் எலும்புகளைச் சேர்க்க முடிந்தது. 2003-இல் ராஜசாரஸ் என்ற பெயரும் வந்தது. என்னைக் கேட்டால் எலும்பைவிட அந்தக் காகிதத்துக்குத்தான் மதிப்பு.

நம் மாநிலத்து உதாரணமும் உண்டு. அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த புரூஹத்காயோசாரஸை முதலில் ஊனுண்ணி என்றே எழுதினார்கள், பின்னால்தான் அது நீள்கழுத்துத் தாவரவுண்ணி என்றானது. எலும்புகள் நொறுங்கிப்போய், இப்போது படங்களை வைத்துத்தான் வாதம்.

ஆகவே தேரியிலோ ஓடைக்கரையிலோ எலும்பு மாதிரி ஏதாவது தெரிந்தால் இருந்த இடத்திலேயே விடுங்கள். பக்கத்தில் ஒரு பேனாவை வைத்து, கிட்டேயிருந்து ஒன்றும் தள்ளி நின்று ஒன்றுமாகப் படம் எடுங்கள். லொகேஷனைக் குறித்துக்கொள்ளுங்கள். கழுவாதீர்கள், பசை போட்டு ஒட்டாதீர்கள். கூடவே பானை ஓடு கிடந்தால் அது முதுமக்கள் தாழியாக இருக்கலாம். தாமிரபரணிக் கரைக்கு அது புதிதல்ல, ஆதிச்சநல்லூர் பக்கத்தில்தானே இருக்கிறது. அப்படியென்றால் எனக்கு வேண்டாம், முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள்.