நிற்கும் சக்கரமும் நிற்காத இன்ஜினும்

என் சித்தி மகன் மூன்று மாதமாக ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டிருந்தான். "பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு வாங்கணும்ணே. மேனுவலா ஆட்டோமேட்டிக்கா, அதை மட்டும் சொல்லு." மதுரையில் ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் இரண்டு கதவும் தரையோடு தாழ்ந்த உடம்புமாக எதையோ நினைத்துவிட வேண்டாம். அந்த ரகம் நம்ம ஊர் வேகத்தடைகளில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டுதான் வீடு வந்து சேரும். அவன் தேடியது சின்ன உடம்பும் டர்போ இன்ஜினுமாக வரும் துடிப்பான ஹாட்ச்பேக். கே.கே. நகரில் ஒரு வெள்ளைக் கார், ஆட்டோமேட்டிக். திருநகரில் ஒரு சிவப்புக் கார், மேனுவல். இரண்டும் 60,000 கிலோமீட்டரை ஒட்டி ஓடியவை. விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

சிம்மக்கல் பக்கம் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் போய் நின்றோம். அவர் மீட்டர் கணக்கைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "அந்தக் கிலோமீட்டர் எங்க ஓடுச்சுன்னு கேட்டீங்களா தம்பி? நாலுவழிச் சாலையில ஓடுன அறுபதாயிரமும் கோரிப்பாளையம் நெரிசல்ல ஓடுன அறுபதாயிரமும் ஒண்ணாயிருமா?"

அவர் சொன்னதற்குள் இயற்பியல் இருக்கிறது.

பெட்ரோல் இன்ஜின் நிற்காமல் சுற்றினால்தான் உயிரோடு இருக்கும். சும்மா நிற்கும்போதே நிமிடத்துக்கு 800 சுற்று. சக்கரம் அப்படியில்லை, சிக்னலில் அதன் வேகம் பூஜ்யம். கார் டயர் ஒரு முறை உருண்டால் சுமார் 1.9 மீட்டர் போகும். அந்தக் கணக்கில் 100 கிலோமீட்டர் வேகத்துக்குச் சக்கரம் நிமிடத்துக்கு 880 தரம் சுற்றினால் போதும். முதல் கியரில் இன்ஜின் ஏறக்குறைய 14 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. அதே கியரில் 100-ஐத் தொட வேண்டுமென்றால் இன்ஜின் 12,000 சுற்றைத் தாண்ட வேண்டும். நம் வண்டிகள் 6,500-க்கு மேல் மூச்சு வாங்கும். கியர் மாற்றுவது இதற்காகத்தான்.

இதே கணக்கைக் கீழ்ப்பக்கமாகப் போட்டுப் பாருங்கள். 800 சுற்றை 14-ஆல் வகுத்தால் சக்கரத்துக்கு 57 சுற்று. மணிக்கு ஏறக்குறைய ஆறரை கிலோமீட்டர். அதைவிட மெதுவாக ஊர்ந்தால், முதல் கியரிலும் இன்ஜினும் சக்கரமும் ஒத்துப்போகாது. நடுவில் எதுவோ ஒன்று வழுக்கியாக வேண்டும். வழுக்கினால் சூடு. மேனுவல், ஆட்டோமேட்டிக் என்ற பிரிவெல்லாம், எது வழுக்குகிறது, அந்தச் சூடு எங்கே போகிறது என்ற வேறுபாடுதான்.

மேனுவலில் வழுக்குவது கிளட்ச் பிளேட். இன்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே ஒரு வட்டத் தட்டு. நாம் பெடலை விடவிட ஸ்பிரிங் அதை அமுக்கிப் பிடிக்கிறது. 1,200 கிலோ காரை நின்ற இடத்திலிருந்து 10 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர நாலரை கிலோஜூல் ஆற்றல் வேண்டும். கிட்டத்தட்ட அதே அளவு பிளேட்டில் வெப்பமாகப் போகிறது. ஒரு தடவைக்கு இது ஒன்றுமில்லை, இரும்பு ஓரிரு டிகிரி சுடும். சித்திரைத் திருவிழா நேரத்தில் தல்லாகுளத்தில் மாட்டிக்கொண்டு அம்பது தடவை நகர்ந்து நகர்ந்து நின்றால்தான் பிளேட் வாடை கிளம்பும்.

இதைவிட மோசம் ஏற்றத்தில் ஹாஃப் கிளட்ச்சில், அதாவது பெடலைப் பாதி மட்டும் விட்டு, நிறுத்துவது. 100 மீட்டருக்கு 4 மீட்டர் ஏறும் மேம்பாலச் சரிவில், பிரேக்கைத் தொடாமல் ஹாஃப் கிளட்ச்சிலேயே காரைப் பிடித்து நிறுத்தினால் பிளேட்டில் பிறக்கும் வெப்பம் ஏறக்குறைய 1 கிலோவாட். ஒரு இஸ்திரிப் பெட்டியை அங்கே சொருகி வைத்த மாதிரி. மலைப்பாதையில் 100-க்கு 10 மீட்டர் ஏறும் இடமானால் 2.6 கிலோவாட், குளியலறை கீசரையும் தாண்டிவிடும். கீசரில் சூட்டை வாங்கிக்கொள்ளத் தண்ணீராவது இருக்கிறது.

மேனுவல் கியர் பெட்டிக்குள் நடப்பது பலர் நினைப்பதற்கு மாறானது. குச்சியைத் தள்ளும்போது பல்சக்கரங்கள் நகர்ந்து போய் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதில்லை. முன்னோக்கிப் போகும் கியர்கள் எல்லாமே எப்போதும் கோத்தபடிதான் சுற்றுகின்றன. அவற்றில் எது தண்டோடு பூட்டிக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் ஒரு சிறு வளையம் நகர்ந்து தீர்மானிக்கிறது. பூட்டும் முன் இரண்டின் வேகமும் ஒன்றாக வேண்டும். அந்த வேலைதான் சிங்க்ரோ எனப்படும் பித்தளை வளையத்துக்கு. ஓடும் டவுன் பஸ்ஸில் தொற்றி ஏறியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கூடவே நாலு எட்டு ஓடி, பஸ் வேகத்துக்கு வந்து, அப்புறம்தான் படியில் கால் வைப்போம். ஓடாமல் கால் வைத்தால் என்ன ஆகும்? கியர் போடும்போது வரும் 'கர்ர்' சத்தம்தான் தேய்ந்த சிங்க்ரோ. பெரும்பாலும் இரண்டாவது கியரில்தான் அது முதலில் கேட்கும். நகரத்தில் அதிகம் விழுவது அதுதானே. ரிவர்ஸுக்குப் பல வண்டிகளில் இந்த வசதி இல்லை. அதற்குத் தனியாக நேர்ப்பல் சக்கரம். பின்னால் போகும்போது வரும் அந்த 'ஊய்' சத்தம் அதனுடையது, பயப்பட ஒன்றுமில்லை.

சரி, ஆட்டோமேட்டிக்.

பழைய வகையில் கிளட்ச்சுக்குப் பதில் எண்ணெய். ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் கப்பல் இன்ஜினுக்காக 1905-இல் காப்புரிமை பெற்ற யோசனை. ஈரத் தரையில் மோர்ப் பானையை வைத்து உள்ளே கரண்டியை வேகமாகச் சுழற்றிப் பாருங்கள். கரண்டி பானையைத் தொடாது. ஆனால் கொஞ்ச நேரத்தில் மோர் இழுத்த இழுப்புக்குப் பானையும் மெல்லத் திரும்பத் தொடங்கும். இந்த அமைப்பின் பெயர் டார்க் கன்வர்ட்டர். இதில் இன்ஜின் சுற்றும் இறக்கை எண்ணெயை வீசுகிறது, எதிரே இருக்கும் இறக்கை அந்த வீச்சில் சுற்றுகிறது. இடையில் உள்ள மூன்றாவது சிறிய இறக்கை, திரும்பி வரும் எண்ணெயைச் சரியான பக்கம் திருப்பிவிடுவதால், கிளம்பும் நேரத்தில் இழுவிசை ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கிடைக்கிறது. இங்கேயும் வழுக்கல் உண்டு, சூடும் உண்டு. ஆனால் சூடாவது எண்ணெய். அது ஓடிப்போய்க் கூலரில் ஆறிவிட்டுத் திரும்பும். தேய ஒன்றும் இல்லை. வேகம் பிடித்ததும் உள்ளே ஒரு பூட்டு விழுந்து வழுக்கலையே நிறுத்திவிடும். கோரிப்பாளையத்துக்கென்றே செய்த மாதிரி ஒரு சாமான்.

ஸ்போர்ட்ஸ் வண்டிக்காரர்களுக்கு இது வெகுகாலம் பிடிக்கவில்லை. காலை அழுத்தினால் வண்டி யோசித்துவிட்டுக் கிளம்பியது. அந்த இடத்தைப் பிடிக்க வந்ததுதான் இரட்டை கிளட்ச். பிரெஞ்சுக்காரர் அடால்ஃப் கெக்ரெஸ் 1939-இலேயே இதை யோசித்துவிட்டார். 1980-களில் போர்ஷே தன் பந்தயக் கார்களில் ஓட்டிப் பார்த்தது. சாலைக் காருக்கு வந்தது 2003-இல், வோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32-இல். கிணற்று உருளையில் ஒரே கயிற்றின் இரு முனையிலும் வாளி கட்டி இறைப்பதைப் போலத்தான். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கித் தயாராக நிற்கும். 1, 3, 5, 7 ஒரு கிளட்ச்சில்; 2, 4, 6 இன்னொன்றில். நீங்கள் இரண்டில் போகும்போதே மூன்று கோத்துத் தயாராக இருக்கிறது. ஒரு கிளட்ச் விட, மற்றது பிடிக்க, இழுவை அறுபடுவதே இல்லை. எவ்வளவு தேர்ந்த கையானாலும் மனிதனால் இதை முந்த முடியாது.

அப்படியானால் கதை முடிந்ததா? போர்ஷேயே அப்படித்தான் நினைத்தது. 2013-இல் வந்த அதன் 911 ஜிடி3 ஸ்போர்ட்ஸ் காரில் மேனுவலே கிடையாது. ஓட்டுகிறவர்கள் விடவில்லை. 2016-இல் மேனுவல் மட்டுமே கொண்ட 911 ஆர் வந்தது, மறு வருடம் ஜிடி3-க்கும் மேனுவல் திரும்பியது. வேகத்துக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று என்று ஆகிவிட்டது.

வேகம் ஒருபுறம் இருக்கட்டும், பழைய வண்டி வாங்குகிறவருக்கு வேறொரு விஷயம் முக்கியம். இரட்டை கிளட்ச்சில் ஈர வகை, உலர்ந்த வகை என்று இரண்டு உண்டு. ஈர வகையில் பிளேட்டுகள் எண்ணெயில் குளித்தபடி சூட்டை இறக்கிவிடும். இந்தியச் சாலைகளில் சின்ன டர்போ கார்களோடு அதிகம் வந்த 7 கியர் வகை உலர்ந்தது. எடை குறைவு, மைலேஜ் நன்று. ஆனால் நெரிசலில் ஊரும்போது நாம் செய்யும் அதே ஹாஃப் கிளட்ச்சைக் கணினி செய்துகொண்டிருக்கிறது, வாடை வந்தாலும் அதற்கு மூக்கு இல்லை. அடுத்தது இரண்டா மூன்றா என்று அது ஊகித்து வைத்ததை முன்னால் புகும் ஷேர் ஆட்டோ ஒவ்வொரு நிமிடமும் பொய்யாக்கும். 2013-இல் சீனாவில் வோக்ஸ்வாகன் தன் இரட்டை கிளட்ச் கார்களில் சுமார் 3.84 லட்சத்தைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. எல்லாப் பெட்டியும் கெட்டதென்று இதற்குப் பொருளில்லை. நெடுஞ்சாலையில் ஓடியது பல காலம் நன்றாகவே ஓடும்.

விற்பவர் வாயில் ஆட்டோமேட்டிக் என்று வருவதில் ஏ.எம்.டி.யும் இருக்கலாம். 2014-இல் மாருதி செலேரியோவோடு நம்மூருக்கு வந்தது. மேனுவல் பெட்டிக்கே இயந்திரக் கையும் காலும் வைத்த ஏற்பாடு. வீட்டுக்கு நல்லது, ஸ்போர்ட்ஸ் ஆசைக்கு ஆகாது.

இனி, பார்க்கப் போகும்போது. மேனுவல் காரை 50 கிலோமீட்டர் வேகத்தில் நான்காவது கியரில் வைத்து ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். சுற்று முள் சட்டென்று எகிறி, வேக முள் பின்னால் நொண்டினால் பிளேட் முடிந்தது. காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது மூன்றிலிருந்து இரண்டுக்கு வந்து பாருங்கள், சிங்க்ரோ உண்மையைச் சொல்லிவிடும். டார்க் கன்வர்ட்டர் வண்டியில் குச்சியை டி-யில் (முன்னே போகும் நிலை) போட்டு ஒரு நொடிக்கு மேல் யோசித்தாலோ, எண்ணெய் கறுத்துக் கருகல் வாடை அடித்தாலோ கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். உலர்ந்த இரட்டை கிளட்ச்சைச் சோதிக்க மட்டும் நேரெதிராக நல்ல வெயில் வேண்டும், நெரிசல் வேண்டும், அரை மணி நேரம் வேண்டும். விற்பவர் வீட்டு வாசலில் ஒரு சுற்று சுற்றி எதுவும் தெரியாது.

வெள்ளைக் காரில் இருந்ததும் இந்த உலர்ந்த வகைதான். அப்படித்தான் அதை ஒரு மே மாதப் பதினொரு மணிக்கு எடுத்துக்கொண்டு கோரிப்பாளையம், சிம்மக்கல், பெரியார் நிலையம், காளவாசல் என்று உருட்டினோம். முதல் இருபது நிமிடம் வெண்ணெய். காளவாசல் சிக்னலுக்கு முன்னால் நகரும்போது காருக்குக் குளிர் கண்ட மாதிரி ஒரு நடுக்கம், ஸ்டீயரிங்கில் கை வைத்தாலே தெரிந்தது. உரிமையாளர் பின்சீட்டிலிருந்து, "ஏசி போட்டா கொஞ்சம் அப்படி இருக்கும்" என்றார். ஏசியை அணைத்தோம். நடுக்கம் இருந்தது. பெட்டியைப் பிரித்தால் செலவு லட்சத்தைத் தொடலாம் என்று பட்டறை அண்ணன் போனிலேயே சொல்லிவிட்டார்.

சிவப்புக் காரிலும் கிளட்ச் வழுக்கத்தான் செய்தது. ஆனால் அது ஒரு நாள் வேலை, ஆயிரங்களில் முடியும் செலவு. அதை விலையில் கழித்துக்கொண்டு வாங்கினான். தினமும் நெரிசலில் அலுவலகம் போகிறவனுக்கு டார்க் கன்வர்ட்டர்தான் பொருத்தம் என்று நான் சொல்லித்தான் பார்த்தேன். கேட்கிற வயதா அவனுக்கு?

போன ஞாயிறு சிறுமலைக்குப் போய், 18 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கிவிட்டு வந்தான். இடது முழங்கால் வலிக்கிறது என்றான். மலையில் அத்தனை தடவை கியர் மாற்றினாயா என்று கேட்டேன்.

"மலையில ஒண்ணும் இல்லண்ணே. திரும்பி வர்றப்ப கோரிப்பாளையத்துல."